அந்த இரண்டு மலைச் சூரியனைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்

ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் கையில் கொடுத்து ஏதாவது வரை என்றால், நம் ஊரில் வளர்ந்த பெரியவர்கள் என்ன வரைவார்கள் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அதிலிருந்து குச்சி குச்சியாக வெளிச்சம், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, ஓரமாக ஒரு குடிசை, சாய்ந்த தென்னைமரம், வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலு பறவை. நான் பிறந்தது நாகப்பட்டினம் பக்கம். அங்கே மலை கிடையாது. சூரியன் கடலிலிருந்துதான் எழும்பி வரும், அதைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போனேன். மலையை முதன்முதலில் நேரில் பார்த்தது பத்து வயதில், பழனிக்கு மொட்டை போடப் போனபோது. அதற்குள் குறைந்தது நூறு மலையாவது வரைந்திருப்பேன். கடல் ஒன்றுகூட வரைந்ததில்லை.

யாரோ என் கையைப் பிடித்து அந்தப் படத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவருக்கு வேறு யாரோ. அன்போடுதான் செய்திருப்பார்கள். நானும் அதே அன்போடுதான் என் மகளுக்கு இரண்டரை வயதில் ஒரு பூனை வரைந்து காட்டினேன். பெரிய வட்டம், அதன் மேல் சின்ன வட்டம், இரண்டு காது, மீசை, ரொம்ப லட்சணமான பூனை. அதுவரை தரையில் குப்புறப் படுத்துத் தாள் கிழியக் கிழியக் கிறுக்கிக்கொண்டிருந்தவள் அந்தப் பூனையைப் பார்த்தாள், தன் தாளைப் பார்த்தாள், கிரேயானை என் கையில் கொடுத்து "நீயே வரைஞ்சு குடும்மா" என்றாள். அப்புறம் கிட்டத்தட்ட மூன்று மாதம் அவள் தானாக ஒரு கோடு போடவில்லை. யானை வேணும், பஸ் வேணும், ஐஸ்கிரீம் வேணும் என்று ஆர்டர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அதனால் இங்கே படம் வரையச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று எதுவும் இருக்காது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரைக்கும் உள்ள பிள்ளைக்கு எதையெல்லாம் எடுத்து வைக்கலாம், வைத்துவிட்டு நாம் எப்படி ஒதுங்கிக்கொள்ளலாம் என்பதை மட்டும், நான் சொதப்பியதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கிறுக்கலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

கிறுக்கு என்றால் நம் பேச்சில் பைத்தியம் என்றும் ஒரு அர்த்தம் இருப்பதாலோ என்னவோ, கிறுக்கலை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஒன்றேகால், ஒன்றரை வயதில் முதல் கோடு விழுவது சாதாரண விஷயம் இல்லை. 'நான் கையை ஆட்டினேன், அங்கே ஒரு தடம் வந்தது, நான் போன பிறகும் அது இருக்கிறது' என்று அந்தப் பிள்ளை அப்போதுதான் கண்டுபிடிக்கிறது. கிரேயானை முஷ்டியில் பிடிக்கும், அசைவு தோளிலிருந்து வரும், அதனால் கோடு வேகமாக, முன்னும் பின்னுமாக, பெரும்பாலும் தாளைத் தாண்டித் தரையிலும் போகும். மணிக்கட்டு எலும்புகள் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதான், வருடக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் எலும்பாக இறுகும். விரலால் அழகாகப் பிடித்து எழுது என்று இரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வது, பல் முளைக்காத வாயில் முறுக்கை வைத்துக் கடி என்பது போலத்தான்.

இரண்டு வயதுவாக்கில் முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்துகொள்ளும், கோடு சுற்ற ஆரம்பிக்கும். மூன்றை ஒட்டி ஒரு நாள் சுற்றிய கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். அது ஒரு மூடிய வட்டம். அதற்குள் இரண்டு புள்ளி வைத்தால் முகம். அந்த முகத்திலிருந்து நேராகக் கீழே இரண்டு கோடு இழுத்தால் ஆள். வயிறு இருக்காது, கழுத்து இருக்காது, சில சமயம் கை காதிலிருந்து வரும். உலகில் பல நாட்டுப் பிள்ளைகளும் மூன்று, நான்கு வயதில் பெரும்பாலும் இப்படித் தலையிலிருந்து கால் முளைத்த மனிதர்களைத்தான் வரைகிறார்கள். "வயிறு எங்கடா?" என்று கேட்காதீர்கள். அது தானாக வரும்.

சான் பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் என்ற அம்மையார் பல நாட்டுப் பிள்ளைகளின் படங்களைச் சுமார் 10 லட்சம் சேர்த்து வைத்திருந்தார். அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்து, சின்னப் பிள்ளைகளின் கிறுக்கலில் திரும்பத் திரும்ப வருவது 20 அடிப்படைக் கோட்டு வகைகள்தான் என்றார்: புள்ளி, நேர்க்கோடு, படுக்கைக் கோடு, வளைவு, சுழி இப்படி. நம் அ, ஆ முதல் ஃ வரைக்கும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், சுழியும் வளைவும் கோடும் புள்ளியும்தானே? கிறுக்கிய பிள்ளை எழுத்துக்குத் தேவையான கையசைவை எல்லாம் ஏற்கெனவே ஒத்திகை பார்த்துவிட்டது. இதை நான் சொல்வது, "இதெல்லாம் எதுக்கு, அனா ஆவன்னா எழுதப் பழக்கு" என்று வீட்டில் யாராவது சொல்லும்போது பதிலுக்கு வைத்துக்கொள்ளத்தான். எழுத்துக்கு உதவும் என்பதற்காக மட்டும் கிறுக்க விடுகிறோம் என்று ஆகிவிட்டால் அதுவும் ஒருவகை ஹோம்வொர்க்தான்.

பொருள்: வாங்குவது குறைவு, பொறுக்குவது அதிகம்

48 நிறப் பெட்டி வேண்டாம். நான் வாங்கினேன், அவள் நிறங்களை வெளியே கொட்டி மறுபடி பெட்டிக்குள் அடுக்குவதை மட்டும்தான் விளையாட்டாகச் செய்தாள். ஆரம்பத்தில் இரண்டே நிறம் கொடுங்கள், அதுவும் தாளில் நன்றாகத் தெரிகிற அழுத்தமான நிறம். மஞ்சள் கிரேயானை வெள்ளைத்தாளில் கொடுத்தால், கோடு விழுகிறதா இல்லையா என்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து மூன்றாவது நிறத்தைச் சேர்த்தால் அதற்கு ஒரு வரவேற்பு இருக்கும்.

கிரேயான் தடிமனாக இருக்கட்டும், மெலிசானது ஒரே அழுத்தில் உடைந்துவிடும். மூன்று வயது தாண்டிய பிள்ளைக்கு உடைந்த துண்டுகளையே கொடுக்கலாம், சின்னத் துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது என்பதால் விரல் நுனியில் பிடிக்க அதுவே பழகிக்கொள்ளும். மூன்றுக்குக் கீழே மட்டும் இதைச் செய்யாதீர்கள், துண்டு நேராக வாய்க்குப் போகும். பொதுவாக 3.2 சென்டிமீட்டர் அகல வட்டத்துக்குள் நுழையும் எந்தப் பொருளும், அதாவது 10 ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டைக்குள் போகக்கூடிய எதுவும், மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடும். ஸ்கெட்ச் பேனாவின் மூடி, பொத்தான், ஜமிக்கி, மணி, தெர்மாகோல் உருண்டை எல்லாம் இதில் அடங்கும். பயமுறுத்தவில்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் 'பக்கத்துல தானே இருக்கேன்' என்ற தைரியம் வேண்டாம்.

தாளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். தாள் விலை கொடுத்து வாங்கியது என்றால், அதில் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த தாளைக் கேட்கும்போது நமக்கு வயிறு எரியும், அந்த எரிச்சல் முகத்தில் தெரியும். மாதக் காலண்டரின் பின்பக்கம் அருமையான தாள், வழவழப்பான பெரிய தாள், வருடத்துக்கு 12 நிச்சயம். ஜெராக்ஸ் கடையில் ஒருபக்கம் வீணான தாள்களைக் கேட்டால் கட்டாகக் கொடுத்துவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகையின் உள்பக்கம், புதுச் சேலைக்குள் இருக்கும் அட்டை, செருப்பு டப்பா, மிக்ஸி வந்த பெட்டி, எதுவும் சரி. பெரிய பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்துப் பிள்ளையை அதன் நடுவிலேயே உட்கார வைத்துவிடுங்கள், தாளுக்கு வெளியே போகிறது என்ற பிரச்சினையே இருக்காது.

பழைய தாளை வைத்து ஒரு தந்திரமும் இருக்கிறது. எல்லாத் தாளும் செவ்வகமாகவே இருக்க வேண்டியதில்லை. ஒருநாள் நீளமாக ரிப்பன் போல வெட்டிக் கொடுங்கள், ஒருநாள் வட்டமாக, ஒருநாள் நடுவில் ஒரு ஓட்டை போட்டு. ஓட்டையைப் பார்த்து அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். என் மகள் முதல் நாள் அதன் வழியாக என்னை எட்டிப் பார்த்துச் சிரித்ததோடு சரி. மூன்றாம் நாள் ஓட்டையைச் சுற்றிச் சுற்றிக் கோடு போட்டு "கிணறு" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தால் கிணறு எனக்குத் தோன்றியே இருக்காது.

சிலேட்டும் பல்பமும் இன்னும் கிடைக்கின்றன. நல்ல பொருள், ஆனால் பல்பம் தின்னும் பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு இருந்தது என்பதை மறக்க வேண்டாம். தண்ணீரும் பிரஷும் அதைவிட நல்லது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். சாயங்காலம் வெயில் தணிந்ததும் மொட்டைமாடிக்குப் போய், ஒரு டம்ளரில் நாலு விரற்கடை தண்ணீரும் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் இரண்டு இஞ்ச் பிரஷும் கொடுங்கள். சூடேறிய தரையில் கோடு கறுப்பாக விழும், கண்ணெதிரே காய்ந்து மறையும், மறுபடி வரையலாம். கழுவ வேண்டியதில்லை, துடைக்க வேண்டியதில்லை, 'வீணாப்போச்சு' என்று யாரும் சொல்ல முடியாது. வாளியை மட்டும் வைக்காதீர்கள். கால் வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தாலும் சின்னப் பிள்ளைக்கு ஆபத்துதான்.

அப்புறம் ரவைத் தட்டு. விஜயதசமி அன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம், அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில்தான் விரலால் எழுதினார்கள். விரலால் தொட்டு உணர்ந்து கோடு போடுவது நம்மிடம் புதிதல்ல, நாம்தான் அதை வருடத்தில் ஒரு நாளைக்கு என்று சுருக்கிவிட்டோம். ஓரம் உயர்ந்த தட்டில் ஒரு கைப்பிடி ரவையைப் பரப்பி வைத்தால் போதும். அரிசியை மட்டும் தனியே விட்டுக் கொடுக்காதீர்கள், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். கடைக் கோலமாவும் வேண்டாம், அதில் பெரும்பாலும் கல்லை அரைத்த பொடிதான், கலர்க் கோலமாவில் சாயமும் சேர்ந்திருக்கும், கிளறக் கிளறத் தூசி மூச்சுக்குள் போகும். கோலம்தான் போட வேண்டும் என்றால் பச்சரிசி மாவு. மிச்சத்தை எறும்பு பார்த்துக்கொள்ளும்.

அடுக்களைச் சாயங்கள்

இரண்டு வயதுப் பிள்ளை வண்ணத்தை வாயில் வைக்காது என்று நம்புகிறவர்கள் அந்த வயதுப் பிள்ளையைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அதனால் விரல்வண்ணத்தை வீட்டிலேயே காய்ச்சிவிடுங்கள். அரை கப் சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) இரண்டு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால் ஐந்தாறு நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு கஞ்சி வரும். ஆறவிட்டு மூன்று கிண்ணத்தில் பிரித்து, ஒன்றில் பீட்ரூட் சாறு, ஒன்றில் மஞ்சள்தூள், ஒன்றில் கீரையை அரைத்துப் பிழிந்த சாறு. ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடலாம். மஞ்சள் வீட்டில் அரைத்ததாக இருந்தால் நல்லது, நிறம் ஏற்றுவதற்காக ஈயம் கலந்த சாயத்தைச் சேர்த்து விற்பதும் அங்கங்கே நடக்கிறது. குங்குமத்தை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள், அதே ஈயப் பயம்தான்.

கஞ்சி வண்ணம் காய்ந்தால் நிறம் மங்கும், பீட்ரூட் பழுப்பாகப் போகும், மஞ்சள் வெயிலில் வெளுக்கும். அது பரவாயில்லை. நிலைத்து நிற்க வேண்டும் என்பது நம் கவலை, பிள்ளைக்குக் கையில் அந்த வழுவழுப்புதான் விஷயம். மூன்று நிறத்தையும் கலந்து சேற்று நிறமாக்கிவிட்டால் "ஐயோ நல்லா இருந்ததைக் கெடுத்துட்டியே" என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் அந்தச் சேற்று நிறத்தைத் தானே பத்து முறையாவது செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கே வைத்து? குளியலறையில். குளிப்பாட்டப் போவதற்கு இருபது நிமிடம் முன்னால், சட்டையைக் கழற்றிவிட்டு, டைல்ஸ் சுவருக்கு எதிரே பலகையில் உட்கார வைத்து, ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நீங்களும் உட்கார்ந்துகொள்ளுங்கள். தரை வழுக்கும், எழுந்து ஓட விடாதீர்கள். முடிந்ததும் சுவருக்கும் பிள்ளைக்கும் ஒரே தண்ணீர். கையை உயர்த்தி நிமிர்ந்த சுவரில் வரைவதால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்ல வேலை, மேசையில் குனிந்து வரைவதைவிட இந்த வயதுக்கு இதுவே சுலபமாகவும் இருக்கும்.

மூன்று வயதுக்கு மேல் என்றால் மஞ்சளை வைத்து ஒரு வித்தை காட்டலாம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பாகும் இல்லையா, அதே சங்கதிதான். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பொத்துவிடும், அதனால் அதற்குப் பதில் ஆப்பசோடாவைக் கரைத்துக் கொடுங்கள். மஞ்சள் தண்ணீரைப் பூசிக் காயவைத்த தாளில் பிரஷால் அந்தக் கரைசலைத் தொட்டு வரைந்தால், நிறமே இல்லாத தண்ணீர் செம்பழுப்புக் கோடாக மாறும். சங்குப்பூ இதழ்களை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம், எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் ஊதாவாகிவிடும், ஆப்பசோடா விட்டால் பச்சைப் பக்கம் போகும். இதழ் மட்டும் போதும், அதன் காயும் விதையும் பிள்ளை கைக்குப் போக வேண்டாம். 'பாரு, மாறப் போகுது' என்று முன்கூட்டியே சொல்லிக் கெடுக்காமல் இருங்கள். தானாக மாறும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் துணி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பட்ட சட்டையைச் சோப்புப் போட்டால் அதே காரணத்தால் சிவந்துபோய் உங்களைப் பதறவைக்கும். பதறாமல் அலசி நல்ல வெயிலில் போடுங்கள், இரண்டு மூன்று நாள் வெயிலில் மஞ்சள் தானாகப் போய்விடும். போகாதது வாழைக்கறை. வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் அறை அறையாக அழகான அச்சு விழும்தான், ஆனால் சாறு சொட்டாத அளவு துடைத்துவிட்டு, வீணாய்ப்போன பனியனை மாட்டிவிட்டு அந்த வேலையைத் தொடங்குங்கள். அச்சுக்கு எல்லாவற்றிலும் சிறந்தது வெண்டைக்காய், முற்றியதாக இருந்தால் இன்னும் நல்லது. காம்புப் பக்கத்தை அப்படியே பிடியாக விட்டுக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. பாகற்காய், பாதி வெங்காயம், கைவிரல், எல்லாம் சரிதான். பூவை வரிசையாக வைக்கச் சொல்லாதீர்கள். ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே இடத்தில் நாற்பது தடவை குத்தினாலும் சும்மா இருங்கள்.

பிசைவதற்குச் சப்பாத்தி மாவைவிட நல்லது இல்லை. நீங்கள் பிசையும்போதே ஒரு உருண்டை கொடுத்துவிடுங்கள். கெட்டுப்போகாமல் நாலைந்து நாள் இருக்க வேண்டும் என்றால் இரண்டு கப் மைதா, ஒரு கப் தூளுப்பு, கொஞ்சம் எண்ணெய், பிசையும் அளவு தண்ணீர். ஆனால் இவ்வளவு உப்புள்ள மாவு வயிற்றுக்குள் போனால் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து, வாயில் வைக்கும் பழக்கம் போகும் வரை உப்பில்லாத மாவே இருக்கட்டும். விநாயகர் சதுர்த்தி சமயத்தில் பிள்ளையார் பிடிக்க விற்கும் களிமண் ஒரு கட்டி கூடுதலாக வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மாதக்கணக்கில் வரும்.

நாம் செய்ய வேண்டியது: வாயை மூடிக்கொள்வது

உண்மையில் இதுதான் கஷ்டம். மற்றதெல்லாம் சாமான் விஷயம்.

"என்ன இது?" என்று கேட்காதீர்கள். இரண்டரை வயதுப் பிள்ளை எதையும் நினைத்துக்கொண்டு வரைவதில்லை, வரைந்து முடித்த பிறகுதான் அது எதைப் போல் இருக்கிறது என்று பார்க்கிறது. இதைச் சிறுவர் ஓவியங்களை ஆராய்ந்த பிரான்ஸ் நாட்டு லூக்கே என்பவர் 1927-லேயே எழுதிவிட்டார். ஆகவே காலையில் நாய் என்று சொன்னதையே சாயங்காலம் ரயில் என்று சொல்லும். பொய் இல்லை, மறதியும் இல்லை. நாம் கேட்டுக்கொண்டே இருந்தால், கோடு என்றால் அது ஏதாவது ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் போலிருக்கிறது என்று அது நினைத்துக்கொள்ளும், அந்தக் கவலையில் கை நிற்கும்.

அப்படியானால் என்ன சொல்வது? கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள், போதும். "இங்கே ரொம்ப அழுத்திப் போட்டிருக்கே", "இந்தக் கோடு சுத்திச் சுத்தி மூலைக்குப் போயிடுச்சே", "இந்தப் பக்கம் எல்லாம் காலியா விட்டுட்டே". அந்தப் பிள்ளைக்குப் பேசத் தோன்றினால் பேசும், பேசும்போது கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பதும் நல்லதுதான், அதைவிட நல்லது இல்லை என்றுகூடச் சில நாள் தோன்றும்.

"சூப்பர்டா தங்கம்!" விஷயத்தில் நானே இன்னும் முழுசாகத் திருந்தவில்லை. ஆனால் பரிசு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1973-ல் வெளிவந்த ஒரு பரிசோதனை: லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்னாலேயே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் அந்தப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் செலவழித்த நேரத்தில் பாதி அளவே வரைந்தார்கள். அவர்களுக்கு அது வேலையாகிவிட்டது, கூலி இல்லையென்றால் எதற்கு?

இதைப் படித்த பிறகு எங்கள் அடுக்ககத்தில் பொங்கலுக்கு நடக்கும் ஓவியப்போட்டியின் 'ஐந்து வயதுக்குட்பட்டோர் பிரிவு' எனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளை நாற்காலியில், அதன் முதுகுக்குப் பின்னால் அம்மா, கிரேயான் யார் கையில் இருக்கிறது என்றே தெரியாது. ஒரு வருடம் நானும் அப்படி நின்றிருக்கிறேன். ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் வந்தது. அதை எனக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

வண்ணமடிக்கும் புத்தகம் விஷமில்லை, பஸ் பயணத்தில் உதவும். ஆனால் அதில் படத்தை வேறு யாரோ வரைந்துவிட்டார்கள், பிள்ளைக்கு மிச்சம் இருப்பது கோட்டைத் தாண்டாமல் இருக்கும் வேலை மட்டும். மொபைலில் விரலால் தட்டினால் நிறம் நிரம்புகிற செயலிகளுக்கும் இதே பதில்தான், கூடுதலாக அங்கே கைக்கு அழுத்தமும் கிடையாது, வழுவழுப்பும் கிடையாது.

பீச்சாங்கை விவகாரம் ஒன்று இருக்கிறது. எந்தக் கை என்பது உறுதிப்பட நாலு வயது, சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். கிரேயானைச் சரியாக நடுவில் வைத்துவிட்டு எது எடுக்கிறது என்று விட்டுவிடுங்கள். இடதுதான் என்றால் இடதுதான். சோறு சாப்பிடும் கையைப் பற்றிப் பாட்டி சொல்வதைப் பாட்டியோடு தனியாகப் பேசிக்கொள்ளலாம், பிள்ளையின் கையிலிருந்து கிரேயானைப் பிடுங்கி அடுத்த கையில் திணிக்க வேண்டாம்.

சுவரும் ஹவுஸ் ஓனரும்

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இவ்வளவு நேரம் இதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். சுவரில் வரையாதே என்று சொல்லி எந்தப் பிள்ளையும் நிறுத்தியதில்லை. எங்கே வரையலாம் என்று ஒரு இடத்தைக் காட்டினால்தான் மற்ற இடம் தப்பிக்கும். ஒரு சுவரில், பிள்ளையின் தலை உயரத்திலிருந்து தரை வரைக்கும் சார்ட் பேப்பர் நாலைந்தை அகலமான டேப்பால் ஒட்டிவிடுங்கள், நிறைந்ததும் அதன் மேலேயே அடுத்தது. அந்தச் சுவர் உன்னுடையது, மற்றது அப்பாவுடையது, ஓனர் தாத்தாவுடையது. ஒரு மாதம் தினமும் சொல்ல வேண்டியிருக்கும். கழுவக்கூடிய பெயின்ட் அடித்த சுவரில் கிரேயான் கோட்டை ஆப்பசோடாவும் ஈரத்துணியும் ஓரளவு எடுத்துவிடும், சாதாரண டிஸ்டெம்பர் என்றால் தேய்த்தால் பெயின்ட்தான் வரும். எங்களுக்கு முந்தைய வீட்டில் அட்வான்ஸில் இரண்டாயிரம் பிடித்துக்கொண்டார்கள். கொடுத்தது கொடுத்ததுதான், இரண்டு அறைக்கு அடித்திருந்தாள்.

முடிந்த படங்களை என்ன செய்வது என்பதும் ஒரு பிரச்சினை, ஏனென்றால் வாரத்துக்கு முப்பது சேரும். நான் பின்பக்கத்தில் தேதியையும், அவளாக ஏதாவது சொல்லியிருந்தால் அதே வார்த்தையில் அதையும் எழுதி, மாதத்துக்கு இரண்டு மூன்றை மட்டும் எடுத்து வைக்கிறேன். முன்பக்கத்தில் பேர் எழுதுவது, 'மீன்' என்று கீழே தலைப்புப் போடுவது எல்லாம் செய்வதில்லை, அது அவளுடைய தாள். மிச்சம் பழைய பேப்பரோடு போகிறது, அவள் தூங்கும்போது.

ஏற்கெனவே 'எனக்கு வராது' என்று சொல்லும் பிள்ளைக்கு

பூனைக்குப் பிறகான அந்த மூன்று மாதத்திலிருந்து மீண்ட கதை இது. "எனக்கும் வராது, நீ சொல்லு, நான் கோடு மட்டும் போடுறேன்" என்று ஆரம்பித்தேன். யானைக்குக் கால் எங்கேயிருந்து தொடங்குது என்று கேட்டால் அவள் விரலால் காட்டுவாள், நான் வேண்டுமென்றே தப்பாகப் போடுவேன், "அங்க இல்லம்மா!" என்று கிரேயானைப் பிடுங்கி அவளே போட்டாள். பிடுங்கியதும் நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். இன்னொரு வழி, தாளின் மேல் ஒரு வேப்பிலையையோ கூழாங்கல்லையோ வைத்துவிட்டுப் போய்விடுவது. வெறும் தாளைப் பார்த்து மிரளும் பிள்ளை, ஒரு பொருள் இருந்தால் அதைச் சுற்றியாவது கோடு போடும். மூன்றாவது, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கிறுக்குவது, பூனை கீனை இல்லாமல், வெறும் கோடாக. பெரியவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும், என் கை தானாக மலைக்குப் போய்விடுகிறது.

ஐந்து வயதில் ஒருநாள் பள்ளியிலிருந்து அந்தப் படமே வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஆறு, குடிசை, டிக் டிக் என்று பறவை. மிஸ் போர்டில் போட்டதைப் பார்த்து வரைந்தாளாம். ஸ்டார் வேறு போட்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, ஃபிரிட்ஜில் ஒட்டச் சொன்னாள், ஒட்டினேன். அந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது காலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனேன், தாளெல்லாம் எடுத்துப் போகவில்லை, சும்மா பார்த்துவிட்டு வந்தோம். இரண்டு நாள் கழித்துக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவளாக ஒன்று வரைந்தாள். தாளின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு ஒரு மீன்கூடை, அதன் பக்கத்தில் அதைவிடச் சின்னதாக ஒரு படகு, கூடைக்காரம்மாவுக்குத் தலையிலிருந்தே கால், கால் பக்கத்தில் ஒரு காக்கா. சூரியனைக் காணோம். எங்கே என்று கேட்க வாய் வந்துவிட்டது. கேட்கவில்லை, பின்னால் தேதியை மட்டும் எழுதி வைத்தேன்.